சார்ல்ஸ் இங்கல்ஸ் யாருக்கும் கடன் வெச்சதே இல்லையாம்!

2025 ஜனவரியில நெட்ஃப்ளிக்ஸ்காரங்க 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி' தொடரைத் திரும்ப எடுக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. அவ்வளவுதான், ஒரு குழாயடிச் சண்டை கிளம்பிடுச்சு. மெகின் கெல்லிங்கிற டிவி பிரபலம், உங்க முற்போக்கு அரசியலை இதுக்குள்ள கொண்டுவந்து கெடுத்தீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்ங்கிற தோரணையில ஒரு பதிவு போட்டாங்க. பழைய தொடர்ல லாராவா நடிச்ச மெலிசா கில்பர்ட் விடுவாங்களா? முதல்ல பழசை ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்க, இனவெறியில இருந்து போதைப் பழக்கம் வரைக்கும் நாங்க எதைத் தொடாம விட்டோம்னு பதில் கொடுத்தாங்க. ஊரே கில்பர்ட் பக்கம் கைதட்டுச்சு. நானும் கில்பர்ட் கட்சிதான். ஆனா பாதி தூரம் வரைக்கும்தான். அந்தத் தொடர் சாவுக்குப் பயப்படலை, போதைக்குப் பயப்படலை, வெறுப்பைக் காட்டவும் பயப்படலை. ஒரே ஒரு கேள்வி வந்தா மட்டும் முகத்தைத் திருப்பிக்கும்: அந்த நிலம் யாரோடது, அதுல ஒண்ணும் விளையாதப்போ அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போட்டது? 'குடும்பத்தோட பார்க்கலாம்'ங்கிற நல்ல பேரு அதுக்குக் கிடைச்சதுல பாதிப் பங்கு இந்த முகத்திருப்பலுக்குத்தான்ங்கிறது என் கட்சி.

தொடரைப் பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம் கதை. லாரா இங்கல்ஸ் வைல்டர்ங்கிற அம்மா 1867ல விஸ்கான்சின்ல பிறந்தவங்க. சின்ன வயசுல அப்பா, அம்மா, அக்கா தங்கச்சிங்களோட மாட்டு வண்டி குதிரை வண்டின்னு ஊர் ஊரா மாறின வாழ்க்கையை அறுபது வயசுக்கு மேல குழந்தைகளுக்கான கதைகளா எழுதினாங்க. முதல் புத்தகம் 1932ல. அதை வெச்சு என்பிசி சேனல் 1974ல ஆரம்பிச்சு 1983 வரைக்கும் ஒன்பது சீசன் ஓட்டினாங்க. அப்பா சார்ல்ஸா மைக்கேல் லாண்டன். அவரேதான் நிர்வாகத் தயாரிப்பாளர், பல எபிசோடுக்கு அவரே எழுத்து, அவரே இயக்கம். ('பொனான்ஸா'வுல லிட்டில் ஜோவா வந்தவர்தான். அந்த முடிக்கே தனியா ஒரு பதிவு போடலாம், இப்போ வேணாம்.) அம்மா கேரலைனா கேரன் க்ராஸில், அக்கா மேரியா மெலிசா சூ ஆண்டர்சன், வில்லி நெல்லி ஓல்சனா அலிசன் ஆர்ன்க்ரிம். மினசோட்டாவுல வால்நட் க்ரோவ்னு ஒரு குட்டி ஊர், ஒரு ஆறு, ஒரு மில், ஒரு சர்ச் (அதுவே பள்ளிக்கூடம்), ஒரு மளிகைக்கடை. இதுக்குள்ளதான் மொத்தக் கதையும்.

இப்போ கில்பர்ட் சொன்னதுல எவ்வளவு நியாயம்னு பாருங்க. முதல் சீசன்லயே லாராவோட பச்சைக்குழந்தைத் தம்பி செத்துப்போகுது. 1980ல வந்த ஒரு எபிசோட்ல பார்வையற்றோர் பள்ளி தீப்பிடிச்சு எரியுது, மேரியோட கைக்குழந்தையும் ஊர்க்காரம்மா ஆலிஸ் கார்வியும் அதுலயே போயிடறாங்க. தீ எப்படி வந்துச்சுன்னா, சார்ல்ஸோட தத்துப்பிள்ளை ஆல்பர்ட் திருட்டுத்தனமா பைப் புகைச்சதால. அதே ஆல்பர்ட் கடைசி சீசன்ல மார்ஃபினுக்கு அடிமையாகி வியர்த்து விறுவிறுத்துக் கிடக்கிறான். 1981ல 'சில்வியா'ன்னு ரெண்டு பாகம், முகமூடி போட்ட ஒருத்தன் ஒரு சின்னப் பொண்ணைச் சீரழிக்கிற கதை. இன்னைக்குப் பார்த்தாலும் வயித்தைக் கலக்கும். 'த க்ராஃப்ட்ஸ்மன்'ல வயசான யூத ஆசாரியை ஊர்ப் பையன்கள் படுத்தற பாடு. 'த விஸ்டம் ஆஃப் சாலமன்'ல படிக்க ஆசைப்பட்டு ஓடிவந்த கறுப்பினச் சிறுவன் சார்ல்ஸ்கிட்ட ஒரு கேள்வி கேக்கறான்: வெள்ளைக்காரனா அம்பது வருஷம் வாழணுமா, கறுப்பனா நூறு வருஷம் வாழணுமா, நீங்க எதை எடுத்துக்குவீங்க? எல்லாத்துக்கும் அறிவுரை வெச்சிருக்கிற சார்ல்ஸ் வாயடைச்சு நிக்கிறார். அரசியலே இல்லாத சுத்த பத்தமான தொடர்ன்னு இதைச் சொல்றவங்க தொடரைப் பார்க்கலை, டைட்டில் பாட்டுல புல்வெளியில குழந்தைங்க ஓடிவர்றதை மட்டும் பார்த்திருக்காங்க.

இத்தனையையும் வெச்சுக்கிட்டே அது குடும்பத் தொடர்தான்னு எப்படி நின்னுச்சு? அளவுகோல் அப்படி. 1975ல அமெரிக்க சேனல்கள் ராத்திரி எட்டு மணி ஸ்லாட்டைக் 'குடும்ப நேரம்'னு ஒதுக்கிட்டாங்க. ஒளிபரப்பு ஆணையத் தலைவர் ரிச்சர்ட் வைலி கொடுத்த நெருக்கடி அது. அடுத்த வருஷமே நீதிமன்றம், அரசு இப்படி மிரட்டி வாங்கினது தப்புன்னு சொல்லிடுச்சுங்கிறது வேற விஷயம். அந்த விதி எதைப் பார்த்துச்சு? எவ்வளவு வன்முறை, எவ்வளவு ஆபாசம். நிலப்பட்டா யார் பேர்ல இருக்குன்னு எந்தத் தணிக்கைக்காரரும் பார்க்கறதில்லை. அதனால சோகத்தை எவ்வளவு வேணா காட்டலாம், பக்கத்துல ஒரு நல்ல அப்பா உட்கார்ந்து தலையைத் தடவி விட்டா போதும். அந்தச் சோகம் எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டறதுதான் சிக்கல்.

முதல் சாட்சி, 1974 மார்ச்சுல வந்த பைலட் படம். இங்கல்ஸ் குடும்பம் கான்சாஸ் போய் வெறும் புல்வெளியில மரவீடு கட்டறாங்க, கிணறு, உழவு எல்லாம் ஆச்சு. ஓசேஜ் பழங்குடி ஆட்கள் வந்து போறாங்க, முதல்ல பயம், அப்புறம் கொஞ்சம் மரியாதை. கடைசியில ராணுவம் வருது: இது இந்தியர்களுக்கு ஒதுக்கின பகுதி, கிளம்புங்கன்னு உத்தரவு. சார்ல்ஸ் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சேன்னு நமக்குத் தொண்டை அடைக்குது. வாஷிங்டன்ல உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருத்தன் கோடு போட்டு ஒரு உழைப்பாளியோட வாழ்க்கையைக் கெடுத்துட்டான், இதுதான் நாம எடுத்துக்கிட்டு எழுந்திருக்கிற உணர்ச்சி. நிஜத்துல நடந்தது அநேகமா தலைகீழ். 1869ல சார்ல்ஸ் போய் வீடு கட்டினது ஓசேஜ் மக்களுக்குச் சொந்தமான ஒதுக்கீட்டு நிலத்துல. அனுமதி இல்லாமப் போய் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான குடியேறிகள்ல அவரும் ஒருத்தர். 1870ல அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த நிலத்தை ஏக்கர் ஒண்ணே கால் டாலருக்குக் குடியேறிகளுக்கே வித்துச்சு. காலி பண்ணிக்கிட்டுத் தெற்கே இன்னைய ஓக்லஹோமாவுக்குப் போனது ஓசேஜ் ஜனங்க. (பிற்பாடு அங்க எண்ணெய் கிடைச்சதும் என்ன ஆச்சுங்கிறதை 2023ல ஸ்கோர்செஸி படமா எடுத்தாரே, அதே மக்கள்தான்.) இங்கல்ஸ் குடும்பம் கிளம்பினதுக்குச் சொல்லப்படற காரணம் ரொம்ப சப்பை. விஸ்கான்சின் வீட்டை வாங்கினவர் தவணை கட்ட முடியாம வீட்டையே திருப்பிக் கொடுத்துட்டார், அதனால திரும்பிப் போனாங்க. ஆக, அரசாங்கம் யார் பக்கம் நின்னுச்சோ அவங்களையே அரசாங்கத்தால பாதிக்கப்பட்டவங்களா தொடர் நிக்க வெச்சிருக்கு. இந்தத் திருப்பம் புத்தகத்துலயே இருக்கு, டிவிக்காரங்க கண்டுபிடிக்கலை. ஆனா மாத்தறதுக்குக் கொஞ்சமும் யோசிக்காதவங்க (ஆல்பர்ட்ன்னு ஒரு தம்பியே லாராவுக்குக் கிடையாது, மேரிக்குக் கல்யாணமே ஆகலை) இதை மட்டும் பத்திரமா வெச்சுக்கிட்டாங்க.

ரெண்டாவது சாட்சிதான் எனக்கு இன்னும் முக்கியம், வெட்டுக்கிளி. 1873ல இருந்து 1877 வரைக்கும் மினசோட்டாவை ராக்கி மலை வெட்டுக்கிளி தின்னு தீர்த்துச்சு. 1875ல ஒரு கூட்டம் 1,98,000 சதுர மைல் அளவுக்கு விரிஞ்சிருந்ததா அந்தக் காலத்துலயே ஒருத்தர் கணக்குப் போட்டு வெச்சிருக்கார். பயிர் பச்சைன்னு இல்லாம, வேலியில காயப்போட்ட துணியைக்கூட விடாத பிராணி. சார்ல்ஸோட கோதுமை போச்சு, கூலி வேலை தேடி நூறு மைலுக்கு மேல நடந்தே போனார்னு லாரா எழுதியிருக்காங்க. தொடர்ல இதே நூறு மைல் நடை முதல் சீசன்லயே வருது. வெட்டுக்கிளி மட்டும் காணோம், ஒரு ராத்திரி ஆலங்கட்டி மழை. அத்தனை பூச்சியைக் காட்ட 1974ல பட்ஜெட் இல்லைன்னு சொன்னா ஒத்துக்கறேன், நியாயம்தான். ஆனா அந்த மாத்தத்தால என்ன ஆகுதுன்னு பாருங்க. ஆலங்கட்டி ஒரு ராத்திரியில முடிஞ்சிடும், மறுநாள் காலையில எழுந்து உழைக்கிறவன் ஜெயிப்பான். வெட்டுக்கிளி முட்டை போட்டுட்டுப் போகும், அடுத்த வருஷம் வரும், அதுக்கடுத்த வருஷமும் வரும். எவ்வளவு நல்ல அப்பனா இருந்தாலும் உழைச்சுத் தீர்க்க முடியாத பஞ்சம் அது. 1875 நவம்பர்ல நிஜ சார்ல்ஸ், என்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு அதிகாரி முன்னாடி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டு, மாநில அரசோட நிவாரண மாவு வாங்கியிருக்கார். ரெண்டு அரை பீப்பாய், அஞ்சு டாலர் சொச்சம் மதிப்பு. கேரலைன் ஃப்ரேசர் எழுதி 2018ல புலிட்சர் வாங்கின 'ப்ரேரி ஃபயர்ஸ்' புத்தகத்துல இந்தக் கணக்கு இருக்கு. அடுத்த வருஷம் வந்த கவர்னர் ஜான் பில்ஸ்பரி, இலவசமா கொடுத்தா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு நிவாரணத்துல கையை இறுக்கினவர். 1877 ஏப்ரல்ல மாநிலம் முழுக்கப் பிரார்த்தனை நாள் அறிவிச்சார். நாடகத்துக்கு இதைவிட என்னங்க தீனி வேணும்? மைக்கேல் லாண்டன் அழுதா நாடே அழும், அந்தக் கையெழுத்துப் போடற காட்சியை அவர்கிட்ட கொடுத்திருந்தா பிச்சு உதறியிருப்பார்.

அந்தத் தம்பி குழந்தையோட சாவும் இதே ரகம்தான். தொடர்ல அது லாராவோட பொறாமைக்கதை. அப்பா தம்பியையே கொஞ்சறார்னு அவ பிரார்த்தனை பண்ண மறுக்கறா, குழந்தை செத்துடுது, குத்த உணர்ச்சியில மலை ஏறிக் கடவுள்கிட்ட பேரம் பேசறா, எர்னஸ்ட் போர்க்னைன் சாமியார் மாதிரி வந்து தேத்தறார். அருமையான நடிப்பு, நான் மறுக்கலை. நிஜத்துல அந்தத் தம்பி ஃப்ரெடி செத்தது 1876 ஆகஸ்ட்ல, ஒன்பது மாசக் குழந்தை. வெட்டுக்கிளிக்குத் தோத்து நிலத்தை வித்துட்டு, அயோவாவுல ஒரு ஹோட்டல் வேலைக்குப் போற வழியில, சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருந்தப்போ. பர் ஓக்ங்கிற அந்த அயோவா ஊர்ல இருந்து அவங்க எப்படிக் கிளம்பினாங்க தெரியுமா? வாடகை பாக்கியை வெச்சுட்டு, வீட்டுக்காரருக்குத் தெரியாம, ராத்திரியோட ராத்திரியா. லாரா தன் நாவல்கள்ல இந்த அத்தியாயத்தையே விட்டுட்டாங்க. 'பயனியர் கேர்ள்'ங்கிற அவங்க சுயசரிதைப் பிரதி 2014ல அச்சாகி வந்தப்போதான் பொதுவாசகர்கள் இதையெல்லாம் சாவகாசமா படிக்க முடிஞ்சுது. தொடர்ல வர்ற சார்ல்ஸோ கடன்னாலே கம்பளிப்பூச்சி மேல ஊர்ந்த மாதிரி துடிக்கிற மனுஷன். நிஜ சார்ல்ஸை இதுக்காக நான் குறை சொல்லலை. நாலு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு அவர் செஞ்சதை யாரும் செஞ்சிருப்பாங்க. அந்த நிலைமை ஒரு நல்ல மனுஷனுக்கும் வரும்னு ஒரே ஒரு எபிசோட்ல ஒத்துக்கிட்டிருக்கலாமேங்கிறதுதான் கேள்வி.

ஒத்துக்கிட்டா தொடரோட அஸ்திவாரமே ஆடும், அதான் சங்கதி. முதல் சீசன் முதல் எபிசோட் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்' பாருங்க. கலப்பைக்கும் விதைக்கும் பதிலா தானிய வியாபாரி ஓ'நீல்கிட்ட வேலை செஞ்சு கழிக்கிறேன்னு சார்ல்ஸ் ஒப்பந்தம் போடறார், மாடுதான் ஈடு. மரத்துல இருந்து விழுந்து விலா எலும்பு முறிஞ்சு போகுது, கெடு முடியப்போகுது, ஓ'நீல் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறான். உடைஞ்ச விலாவோட இவர் மூட்டை தூக்கப் போய் விழறார். அப்போ ஊர் ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து மூட்டையை எடுத்து அடுக்கறாங்க. கல்லுக்கும் கண்ணீர் வரும். அடுத்த ஒன்பது வருஷத்துக்கும் இதுதான் சூத்திரம்: ஒரு கெட்ட பேராசைக்காரன், ஒரு நல்ல உழைப்பாளி, கடைசி அஞ்சு நிமிஷத்துல அக்கம்பக்கம். இந்தச் சூத்திரத்துக்குள்ள அரசு நிவாரணத்துக்கு இடமே கிடையாது. எல்லாரோட பயிரும் ஒரே நாள்ல போனா மூட்டை தூக்க யார் வருவா? அக்கம்பக்கமும்தான் பட்டினி கிடக்கும். 1875ல அதுதான் நடந்துச்சு, அதனாலதான் மாநிலம் மாவு கொடுக்க வேண்டி வந்துச்சு.

இது வெறும் தற்செயலா? முழுசா இல்லைன்னுதான் சொல்வேன். லாராவோட கையெழுத்துப் பிரதிகளைச் செப்பனிட்டது அவங்க பொண்ணு ரோஸ் வைல்டர் லேன். ரூஸ்வெல்ட்டோட நிவாரணத் திட்டங்களைப் பேய் மாதிரி வெறுத்தவங்க, அரசாங்கமே குறைவா இருக்கணும்ங்கிற லிபர்டேரியன் அரசியலுக்கு அமெரிக்காவுல தாய்மார்னு சொல்லப்படறவங்கள்ல ஒருத்தர். மேரி கண்ணு தெரியாமப் போனப்புறம் அயோவாவுல விண்டன் பள்ளியில படிச்ச செலவை டகோட்டா பிரதேச அரசு கட்டுச்சு. கதையிலயோ குடும்பமே வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த காசு. ரோஸுக்கு வாரிசா வந்தவர் ரோஜர் மெக்ப்ரைட், அவர்கிட்ட இருந்துதான் டிவி உரிமை வந்துச்சு, தொடரோட தயாரிப்புலயும் அவர் பேர் உண்டு. இவர் யாருன்னா, 1976 ஜனாதிபதித் தேர்தல்ல லிபர்டேரியன் கட்சி வேட்பாளர்! (அரசியலே கலக்காத தொடராம்.) இதனால அவர் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டையும் திருத்தினார்னு நான் கதை கட்டலை. கடிவாளம் லாண்டன் கையிலதான் இருந்துச்சு, அவருக்கு வேண்டியது கண்ணீர், கொள்கை இல்லை. ஆனா அவர் கைக்கு வந்த சரக்கு ஏற்கனவே ஒரு சல்லடையில சலிச்ச சரக்கு. சலிச்சதுல கீழ போனது அவருக்குத் தெரிஞ்சிருக்கவே வேண்டியதில்லை.

"இது நாடகம்ப்பா, வரலாற்றுப் பாடமா?"ன்னு ஒரு குரல் எப்பவும் வரும். சரி, நாடகம்தான். ஆனா புத்தகத்துக்கு உண்மையா எடுக்கணும், பிள்ளைங்க வெறுங்காலோட இருக்கணும், வறுமை வறுமை மாதிரித் தெரியணும்னு சண்டை போட்டவர் வெளியாள் யாரும் இல்லை, உரிமையை வாங்கின தயாரிப்பாளர் எட் ஃப்ரெண்ட்லியே. லாண்டனோட மல்லுக்கட்டித் தோத்து வெளியேறினார். ஆக, மாற்று வழி அவங்க மேஜை மேலயே இருந்துச்சு, வேணாம்னு தள்ளினாங்க. இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது: தொடர் பொருளாதாரத்தையும் பேசியிருக்கே, ரயில்வேக்காரங்க சரக்குக் கட்டணத்தை ஏத்தினதால ஊரே காலியாகுற கதை நாலாவது சீசன் முடிவுல வருதே, விவசாயிகள் சங்கமான க்ரேஞ்ஜ் மாநாட்டுக்குச் சார்ல்ஸ் சிகாகோ போறாரேன்னு கேக்கலாம். ஆமா, போறார். போய்ப் பார்த்தா லஞ்சமும் கும்மாளமும். மனசு கசந்து ஊர் திரும்பிடறார். நிஜ க்ரேஞ்ஜ்காரங்க மினசோட்டா, அயோவா, இலினாய் மாநிலங்கள்ல ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவர வெச்சாங்க, 1877ல உச்ச நீதிமன்றமும் அந்த மாதிரிக் கட்டுப்பாடு செல்லும்னு சொல்லிடுச்சு. கூட்டமா நின்னு சட்டத்தால ஜெயிச்ச ஒரு கதையை, கூட்டம்னாலே அழுக்கு, வீடே சொர்க்கம்னு மாத்தினதுதான் தொடரோட குணம். பழங்குடிகளைப் பத்தின எபிசோடுகளும் இப்படித்தான். பனிப்புயல்ல சிக்கின குடும்பத்தை ஒரு பழங்குடி மனுஷர் காப்பாத்தறார், வெறுப்போட துரத்தற மார்ஷலுக்குச் சார்ல்ஸ் பாடம் எடுக்கறார். மனுஷனுக்கு மனுஷன் அன்பா இருக்கணும், ரொம்ப சரி. அந்த மனுஷனோட ஊர் எங்க போச்சுன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க.

குழந்தைங்களுக்கு நிலச்சட்டம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட ஒரு பதில்தான் இருக்கு. ராத்திரி எட்டு மணிக்குச் 'சில்வியா'வைப் பார்க்க முடிஞ்ச குழந்தைக்கு, "இந்த இடத்துல முன்னாடி வேற ஒருத்தங்க வீடு இருந்துச்சு"ங்கிற ஒரு வரி புரியாதா? அண்ணன் பொம்மையைத் தம்பி எடுத்தா என்ன ஆகும்னு மூணு வயசுலயே தெரியுது. கஷ்டப்படறது குழந்தைங்களுக்கு இல்லை, பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற பெரியவங்களுக்கு.

வேடிக்கை என்னன்னா, ஒன்பது வருஷம் ஒதுக்கி வெச்ச நிலக்கேள்வி கடைசியில கதவைத் தட்டிடுச்சு. 1984 பிப்ரவரியில வந்த 'த லாஸ்ட் ஃபேர்வெல்' படத்துல நேத்தன் லாசிட்டர்ங்கிற பணக்காரன் வந்து, வால்நட் க்ரோவ் மொத்தமும் சட்டப்படி என் பேர்ல இருக்கு, நீங்கல்லாம் இனி என் கூலிங்கன்னு பத்திரத்தை நீட்டறான். சட்டமும் ராணுவமும் அவன் பக்கம். கட்டின வீட்டை அவனுக்கு விட்டுக் கொடுக்கறதைவிட டைனமைட் வெச்சுத் தகர்க்கறதே மேல்னு ஊரே முடிவு பண்ணி ஒவ்வொரு கட்டடமா வெடிக்க வைக்கிறாங்க. (படப்பிடிப்புக்காகச் சிமி வேலியில வாடகைக்கு எடுத்த இடத்தைப் பழையபடி வெறும் நிலமா திருப்பித் தரணும்னு ஒப்பந்தம். எப்படியும் இடிக்கணும், அதையே கதையாக்கினது லாண்டன் மூளை. அதுக்கு ஒரு சலாம்.) நாங்கதான் இங்க வாழ்ந்தோம், நாங்கதான் இதை உருவாக்கினோம், எங்கயோ எழுதின ஒரு காகிதம் எப்படி எங்களைத் துரத்தலாம்? இந்த ஆத்திரத்துல ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஓசேஜ் ஆட்கள் 1870ல இதையே சொல்லியிருந்தா அப்படியே பொருந்தும். பைலட்ல கான்சாஸ் நிலத்தை விட்டுக் கிளம்பின அதே குடும்பத்தோட கதை அப்படியே இங்க வந்து முடியுது, ஆனா எழுதின லாண்டனுக்கு இந்த ஒப்புமை பொறி தட்டின மாதிரி ஒரு வசனம்கூட இல்லை. அந்த ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன், நடுவுல ஒன்பது சீசன் காத்திருக்கட்டும். 'சில்வியா'வை மட்டும் சின்னப் பிள்ளைங்க தூங்கினப்புறம் வெச்சுக்குங்க.